கிளிக்குப் போன விண்கற்கள்

அன்புள்ள தெய்வானை,

கல்லூரி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தாளை எடுத்து வைத்தால் 'அவள் எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்' என்று வருகிறது. அதைப் படித்தால் நீ சிரித்தே என்னைத் தீர்த்துவிடுவாய். அதனால் உன்னைப் பற்றி எழுதாமல் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் என் சேதி. சாந்தன்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். தற்காலிக வேலைதான். சுற்றிலும் ஏலக்காய்த் தோட்டம். பறிப்புக் காலத்தில் பிள்ளைகளின் கையெல்லாம் ஏலக்காய் வாசம். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க எங்க பேரக் கூப்பிடுதீகளா, இல்ல சாமி கும்பிடுதீகளா?" என்றாள். வகுப்பே சிரித்தது. உன் நினைவுதான் வந்தது. "பேரு மட்டும் பேச்சியம்மா, வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?" என்று நீ என் தலையில் தட்டுவாயே.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்தான் முதல் பட்டதாரி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டு எங்கம்மா எல்லோரிடமும், "எம் மவ பிஎஸ்ஸி, பிஸிக்ஸு" என்கிறாள். பிஸிக்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "அது பெரிய படிப்பு" என்று முடித்துவிடுகிறாள். உன் அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட வாய்ப்பில்லாமல் போய்விட்டது. நீ பாஸ் என்று தபால் வந்தபோது வாங்க நீ இல்லை.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு ஒரு நாள் கோவிந்தாபுரத்தில் இறங்கி உன் வீட்டுக்கு வந்தேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் உன் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஏங்கண்ணு, நீ அவகூடவே இருந்தவ. நெசத்தச் சொல்லு. அந்த மண்ணுருண்டைய நான் எடுத்துக் குடுத்துப்போட்டேன்னு அவ என்ற மேல கோவமாவே போயிட்டாளா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அழுதா கண்ணு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்குல. எனக்கும் கேக்க வாய் வருல. கேவலம் ஒரு மண்ணுருண்டை. அதுக்குப் போயி என்ற புள்ளைய அழ வெச்சுப்போட்டேன்."

எனக்குப் பாதி பதில் தெரியும். பாதியை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் என்ன சொல்வது? "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதானே அது. உன் அம்மா என் கையை விட்டுவிட்டார்.

இது படிப்பவர்களுக்குப் புரிய வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நீ குறுக்கே பேசாமல் கேள்.

ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. வெளிநாட்டில் ஒரு கல்லூரியில், கணக்குப் போடும் எந்திரத்தின் திரையில் விண்வெளி ஆட்டம் ஆடுகிறார்களாம். இரண்டு கப்பல்கள் சுற்றுமாம். குண்டு பட்டால் கப்பல் மறைந்துவிடுமாம். விடுதியில் நான்தான் அதை உனக்குப் படித்துக் காட்டினேன்.

"மறஞ்சுட்டா?" என்றாய். "பள்ளம் விழுகுலியா? தூசி பறக்குலியா?"

"அது வெறும் வெளிச்சப் புள்ளிடி. அதுல எப்படிப் பள்ளம் விழும்?"

"பள்ளம் விழுகாத அடி என்னத்த அடி? நாம செய்யலாம் வா, நெசமாலுமே பள்ளம் விழுகற ஆட்டம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கல்லூரிக் கண்காட்சிக்கு மற்றவர்கள் எல்லாம் மின்சார மணி செய்துகொண்டிருந்தபோது, நாம் கோள்களைச் செய்தோம். எங்கப்பா தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கித் தந்தார். சட்டம் அடித்து, ஒவ்வொரு பெட்டியும் ஒரு கோள் ஆயிற்று. அடியில் மணல், அதன் மேல் உன் வீட்டுக் கோலமாவு, அதற்கும் மேலே எங்கள் தேயிலை ஃபேக்டரியில் பெருக்கித் தள்ளும் கழிவுத் தூள். கல் விழுந்தால் கறுப்பைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நாலாபுறமும் தெறிக்கும். யாருடைய பள்ளம் பெரிதோ, யாருடைய வெள்ளைக் கதிர் நீளமோ அவருக்குப் புள்ளி.

நிலாவில் காற்றில்லை, கல் தடையில்லாமல் விழலாம். பூமிக்குக் காற்று உண்டு. அதனால் பூமிப் பெட்டிக்கு முன்னால் பழைய சாக்கைக் கீறித் தொங்கவிட்டோம். சின்னக் கல் அதிலேயே மாட்டிக்கொண்டால் எரிந்துபோனதாகக் கணக்கு. பூமியில் மழையும் உண்டு என்று நீ சொன்னாய். ஒவ்வொரு சுற்றுக்கும் பூமியில் தண்ணீர் தெளித்துப் பள்ளத்தைக் கலைக்க வேண்டும் என்று விதி போட்டாய்.

"அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும்" என்றேன்.

"லச்சம் வருசம் காத்துட்டிருந்தா ஆட்டம் எப்ப முடியறது, சோறு எப்பத் திங்கறது? தெளிடி தண்ணிய."

எது நிஜம் போல இருக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று நமக்குள் நடந்த சண்டையில் விடுதியே இரண்டு கட்சியாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கவலை. கல்லை நேராக மேலிருந்து போட்டால் பள்ளம் வட்டமாக விழுந்தது. சாய்த்து எறிந்தால் நீளமாக, நத்தை ஊர்ந்த தடம் போல விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கிய காலண்டரில் நிலாவின் படம் இருந்தது. அதில் அத்தனையும் வட்டம்.

பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டு போட்டுப் பார்த்தோம். கூழாங்கல் போட்டுப் பார்த்தோம். நீ ஊருக்குப் போய்க் குளத்துக் களிமண்ணை ஒரே அளவாக உருட்டி, வெயிலில் காயவைத்து, அடுப்புத் தணலில் சுட்டு எடுத்து வந்தாய். அதுவும் சாய்த்து எறிந்தால் கோடுதான் போட்டது. கடைசியில் பெஞ்சு மேல் ஏறி நின்று நேராகப் போட வேண்டும் என்று விதியை மாற்றினோம். "இது ஆட்டமா? புளியம்பழம் உதுக்கற மாதிரி இருக்குது" என்று நீயே முகத்தைச் சுளித்தாய். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. கண்காட்சிக்கு என்று இன்னொரு சாக்கு நிறைய உருண்டை சுட்டு வீட்டில் வைத்துவிட்டு வந்தாய்.

அந்தச் சாக்கைத்தான் உன் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். சோளம் பால் பிடித்து நின்ற நேரம். கிளி கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. காட்டுக் காவலுக்கு இருந்தவர் உண்டிவில்லுக்கு உருண்டை கேட்டிருக்கிறார். அதற்கென்றே சுட்டு அடுக்கி வைத்தது போலச் சாக்கு நிறைய உருண்டை இருக்கிறது. யாராக இருந்தாலும் உண்டிவில்லுக்குத்தான் என்று நினைப்பார்கள் இல்லையா? நீ சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது நம் விண்கற்கள் எல்லாம் சோளக்காடு முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"கோளை அடிக்கச் செஞ்சத கிளிய அடிக்கக் குடுத்துப்போட்டாங்கடி" என்று நீ என்னிடம் வந்து சொன்னபோதுகூட உன் கண் சிவந்திருந்தது. அம்மாவிடம் பேசாமலேயே பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாய். கையில் இருந்த பையில் அவசரமாக உருட்டிய உருண்டைகள். வானம் மூடிக் கிடந்ததால் காயவில்லை, சுட நேரமில்லை, சீக்கிரம் இறுகட்டும் என்று உமிச்சாம்பலைக் கலந்து பிசைந்திருந்தாய். பஸ் குலுக்கலில் பாதி உதிர்ந்துவிட்டது.

கண்காட்சி அன்று காலை அந்தப் பையைப் பார்த்துப் பார்த்து உனக்கு ஆத்திரம் பொங்கியது. "போ! எல்லாம் நாசமாப் போ!" என்று கதவருகில் நின்றபடியே ஓர் உருண்டையை நிலாப் பெட்டியின் மேல் வீசினாய். நன்றாகச் சாய்வாகத்தான் போனது. விழுந்ததும் பொடிப்பொடியாகச் சிதறியது.

கறுப்பின் நடுவே வட்டமாக ஒரு வெள்ளை. சுற்றிலும் கதிர். காலண்டரிலிருந்து கத்தரித்து வைத்தது போல இருந்தது.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ இன்னொன்று எறிந்தாய். வட்டம். நான் எறிந்தேன். வட்டம். பெஞ்சைக் காலால் தள்ளிவிட்டு, "எறங்குடி கீழ! இனி எப்பிடி வேணாலும் எறியலாம்!" என்று கத்தினாய். நான்கூடக் கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மத்தியானம் பார்வையிட வந்த சார் ஓர் உருண்டையை விரல்களால் நசுக்கிப் பார்த்தார். "எந்தா குட்டி, உல்க்க புட்டு போலெ பொடியுமோ?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். விண்கல் என்பது பாறையும் இரும்பும். அது புட்டைப் போல உதிராது என்பது அவர் கட்சி. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். நீ விடவில்லை.

"இரும்பப் போட்டா நீளமா வருதுங் சார். நெலாவுல வட்டமா இருக்குதல்லோ?"

"எல்லாம் நேரே வீணதாயிரிக்கும்." எல்லாம் நேராக விழுந்ததாகத்தான் இருக்கும் என்கிறார்.

"எல்லாமே நேராவா சார்? ஆகாசத்துல அத்தனை கல்லுக்கும் நேரா விழுகோணும்னு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் நல்ல மனிதர்தான், சேர்ந்து சிரித்தார். ஆட்டம் நன்றாக இருக்கிறது, அறிவியல்தான் போதாது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். உன் கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை, நம்மிடமும் இல்லை.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எங்கம்மா மட்டும் அந்தச் சாக்கக் குடுக்காம இருந்திருந்தா, நாம இன்னமும் பெஞ்சு மேல நின்னு புளி உதுத்துட்டு இருப்போம். நான்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்துட்டேன்."

"போய்ச் சொல்லு. சந்தோஷப்படுவாங்க."

"என்னன்னு சொல்றது? சார் சொல்றது சரியா இருந்தா நமக்கு வந்தது குருட்டு வட்டம். நீ குடுத்தது நல்லதாப் போச்சுன்னு அப்பப் போயிச் சொன்னா அது சும்மா சமாதானம். எங்கம்மா மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்க. மொதல்ல தெரிஞ்சுக்கறேன். பரீச்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. மஞ்சள் காமாலை வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

உன் அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நான் சொல்லாதது ஏன் என்று இப்போது புரிகிறதா? உனக்குக் கோபமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சும்மா சமாதானம் வேண்டாம் என்று சொன்னவள் நீ. நீ தேடாமல் விட்ட பதிலை நான் தேடியாக வேண்டியிருந்தது.

மூணாறில் ஒரு நூலகத்தில் வானவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. தடித்த ஆங்கிலம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் போய்ப் போய்ப் படித்தேன். பள்ளங்களைப் பற்றிய அத்தியாயம் வந்த அன்று வெளியே பெய்த மழைகூடக் காதில் விழவில்லை.

கேள், தெய்வானை. விண்கல் வருகிற வேகம் நம் கைக்கு எட்டவே எட்டாத வேகம். சின்னக்கானலிலிருந்து மூணாறுக்கு ஒரே நொடியில் போய்ச் சேர்ந்துவிடும் அளவுக்கு வேகம். அந்த வேகத்தில் மோதும் கல் தரையை உழுவதில்லை. மோதின இடத்தில் வெடிக்கிறது. கல்லே ஆவியாகிவிடுகிறது. எங்கள் மலையில் ரோடு போடப் பாறைக்கு வெடி வைப்பார்கள். மருந்துக்குழியைச் சாய்வாகத் துளைத்திருந்தாலும், வெடித்தால் எல்லாப் பக்கமும்தானே பறக்கிறது? அதே கதைதான். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பள்ளம் மறந்துவிடுகிறது. ஏறக்குறைய படுத்த மாதிரி உரசிக்கொண்டு வந்தால் மட்டும்தான் நீளுமாம்.

நிலாவின் கற்கள் நேராக விழவில்லை. நீ கேட்ட கேள்விதான் சரி.

சாரும் முழுக்கத் தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் உருண்டை உதிர்ந்தது காயாததால். விண்கல் சிதறுவது வேகத்தால். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த வேகத்தை ஒரு தேயிலைப் பெட்டிக்குள் யார் கொண்டுவர முடியும்? வேகத்தைக் கொண்டுவர முடியாத இடத்தில், உடைகிற பொருளைக் கொண்டுவந்தால் பள்ளமாவது நிஜமாக வருகிறது. கெட்டியான இரும்பைப் போட்டால் கல் நிஜம், பள்ளம் பொய். சின்னதாக ஒன்றைச் செய்து காட்டும்போது எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் திரை ஆட்டத்தில் என்றைக்காவது பள்ளம் விழ வைப்பார்களா? வைத்தால், அவர்களும் இந்தச் சண்டையைப் போட்டுத்தானே தீர வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ஒருமுறை பெட்டியைக் கொடுத்துப் பார்த்தேன். "டீச்சர், இவ சாய்ச்சு எறியுதா, அவுட்டுதானே?" என்று ஒருத்தி கத்தினாள். "இல்ல, எறியலாம்" என்றேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. போன விடுமுறையில் ஒரு பெட்டியையும் தூள் மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உடுமலை, பொள்ளாச்சி என்று வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோவிந்தாபுரத்தில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

"யாரு, மலைக்காரப் புள்ளையா? வா கண்ணு. ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்டே? மொதல்ல சாப்புடு."

சாப்பிட்டேன். ராத்திரி அங்கேயே தங்கினேன். பேச்சு வராதவளுக்குக் கை இருக்கிறது என்று மறுநாள் மத்தியானம் வாசலில் பெட்டியை வைத்துக் கோலமாவைப் பரப்பினேன். தூளைக் கொட்டியதும் உன் அம்மா பதறிவிட்டார்.

"இதென்ன கூத்து, தேத்தூள இப்பிடிக் கொட்டறே? மலையில வெளஞ்சா இப்பிடியா வீண் பண்ணுவாங்க?"

"இது கழிவுங்கம்மா, குடிக்க ஆகாது. இந்தாங்க, எறியுங்க. கிளி முடுக்கற மாதிரி."

கொண்டு வந்திருந்த சுட்ட உருண்டை ஒன்றைக் கொடுத்தேன். நல்ல கை உன் அம்மாவுக்கு, சுர்ரென்று போனது. நீளமாக ஒரு கோடு. பிறகு உன் குளத்து மண்ணிலேயே காலையில் பிசைந்து அரைகுறையாக உலர்த்திய உருண்டையைக் கொடுத்தேன். அது சிதறி, வட்டமாக வெள்ளை விரிந்தது.

உன் அம்மா குனிந்து பார்த்தார். "பூவாட்ட இருக்குது" என்றார். "இன்னொண்ணு குடு."

இருந்த உருண்டை எல்லாம் தீர்ந்தது. அப்போதுதான் சொன்னேன். நீங்கள் கிளிக்குக் கொடுத்தது கோடு போடுகிற உருண்டை. அதைக் கொடுத்ததால்தான் தெய்வானை அவசரத்தில் வேறு உருட்டினாள். அது காயாமல் போனதால்தான் வட்டம் வந்தது. நிலாவில் நிஜமாகவே வட்டம்தான் வரும், புத்தகத்தில் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் மூச்சுவிடாமல் பேசியது அது ஒன்றுதான்.

உன் அம்மா என் முகத்தையே பார்த்தார். நீ சொன்னது சரி, அப்படித்தான் பார்க்கிறார்.

"என்னைச் சமாதானம் பண்றதுக்குன்னு சொல்லுலியே?"

"இல்லீங்கம்மா. தெரிஞ்சுட்டுச் சொல்லத்தான் இத்தனை நாளாச்சு."

"அவளுக்குத் தெரியுமா இது?"

"பாதி தெரியும். அம்மா குடுத்ததாலதான் வந்துச்சுன்னு பஸ்ஸுல சொன்னா. மீதியும் தெரிஞ்சுட்டு உங்ககிட்டச் சொல்றேன்னா."

"அப்பக் கோவமில்ல" என்றார். கேட்கவில்லை, சொன்னார். கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வேலிப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்.

"ஏனுங் அக்கா, செத்த இங்க வாங்க! காலேசுல என்ற புள்ள கண்டுபுடிச்சதப் பாருங்க! கிளிக்குக் குடுத்தேன்னு அவ ஆடுன ஆட்டம் இருக்குதே..." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். அவருக்கு உன் அம்மாவே பெட்டியில் மாவைப் பரப்பி, தூளைத் தூவி, எப்படி எறிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "சாய்ச்சே எறியுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். நான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிப் பாதி உனக்குத் தெரியாமலே போய்விட்டது. இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். இனி உன் அம்மா என்னிடம் எது கேட்டாலும், தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்வேன். தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வந்து சொல்வேன். சும்மா சமாதானம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடியும் இத்தனை நாள் காக்க வைக்கவும் மாட்டேன், சத்தியம்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் உன் அம்மா என்னை "என்ற சின்னப் புள்ள" என்று சொல்லிவிட்டதால், இனிமேல்

உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்